பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவள் நான், ஆனால் அலுவலகக் கூட்டத்தில் என் பேச்சு எடுபடவில்லை. வாதத்திறனை எங்கிருந்து கற்பது?

இரவுக்கிடங்கு எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நான் சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் ஒரு கிடங்கில் இரவு ஷிப்ட் மேற்பார்வையாளர். என்னோடு 12 பேர் வேலை செய்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் தமிழ்ப் பேச்சுப் போட்டி ஒன்றைக்கூட விட்டதில்லை, மூன்று முறை முதல் பரிசு வாங்கியிருக்கிறேன். அப்பா எழுதித் தருவார், நான் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே திறந்தவெளித் தளமான வாய்டு டெக்கில் நடந்துகொண்டே மனப்பாடம் செய்வேன். எந்த வரியில் குரலை உயர்த்த வேண்டும், எங்கே கையை நீட்ட வேண்டும் என்பதுவரை அப்பா சிவப்பு மையில் குறித்திருப்பார். அதனால் பேச்சு எனக்கு வரும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஷிப்ட் இரவு 10 முதல் காலை 7 வரை. சாப்பாட்டு இடைவேளை 3.45க்கு. 2.45 தாண்டினாலே ஆட்களுக்குக் கண் சொருக ஆரம்பித்துவிடும். லேபிளை மாற்றி ஒட்டுவது, ஒரு பேலட்டில் (சரக்கு அடுக்கும் தட்டு) ஏற வேண்டிய பெட்டி பக்கத்துப் பேலட்டில் ஏறுவது என்று பெரும்பாலான தவறுகள் அந்த ஒரு மணி நேரத்தில்தான் நடக்கின்றன. இடைவேளையை 2 மணிக்குக் கொண்டுவந்தால் நிலைமை மாறும் என்பது என் யோசனை. போன மாதக் கூட்டத்தில் இதற்காக 19 பக்கம் ஸ்லைடு தயார் செய்துகொண்டு போனேன். களைப்பு என்றால் என்ன, மனித உடலுக்குத் தூக்கம் ஏன் தேவை, பிற நாடுகளில் இரவு வேலை எப்படி நடக்கிறது, எல்லாம் வைத்திருந்தேன். நான்காவது ஸ்லைடிலேயே மேலாளர் நிறுத்தி, "சரி, உங்களுக்கு இப்ப என்ன வேணும்?" என்று கேட்டார். நான் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். "பார்க்கலாம்" என்றார், அதோடு முடிந்தது. அடுத்துப் பேசிய இன்னொரு பிரிவுக்காரர் இரண்டே வாக்கியத்தில் இரண்டு ஸ்கேனர் கேட்டார், கிடைத்துவிட்டது.

அன்று காலை வீட்டுக்குப் போகும்போது எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஸ்கேனர் அவருக்குக் கிடைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. என்னோடு வேலை செய்பவர்களில் 58 வயதுக்காரர் ஒருவர் இருக்கிறார், 3 மணிக்கு மேல் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதை ஒவ்வொரு இரவும் பார்க்கிறேன். அவருக்காக என்னால் ஒழுங்காக நான்கு வார்த்தை பேச முடியவில்லையே என்பதுதான் வேதனை.

என் கேள்விகள்: வாதம் செய்வதைக் கற்றுக்கொள்ள முடியுமா, அல்லது பிறவியிலேயே வர வேண்டுமா? பட்டிமன்றம் நிறையப் பார்த்தால் பயன் உண்டா? நான் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசுகிறேன், அதுதான் தடையா? இன்னொன்று, அடுத்தவர் மனத்தை மாற்றுவதற்கென்றே ஒரு வித்தையைக் கற்பது சரியா என்றும் உள்ளுக்குள் ஒரு உறுத்தல் இருக்கிறது.

பழைய வாத்தியார் எழுதியது:

அம்மா, 31 ஆண்டுகள் உயர்நிலைப்பள்ளிகளில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். விவாதக் குழுக்களையும் பல ஆண்டுகள் தயார் செய்திருக்கிறேன். கட்டாயம் கற்றுக்கொள்ள முடியும். நீங்கள் பள்ளியில் கற்றது ஒப்புவித்தல், அது ஒரு நல்ல கலை, குரலும் மேடைத் துணிச்சலும் அதனால் வந்திருக்கும். ஆனால் பேச்சுப் போட்டியில் எதிரே நின்று "ஏன்?" என்று கேட்க ஆள் கிடையாது. உங்கள் மேலாளர் கேட்டுவிட்டார், அதற்கான பயிற்சியை உங்களுக்கு யாரும் தரவில்லை, அவ்வளவுதான்.

மணிமேகலையில் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் தருக்கம் சொல்லிக்கொடுக்கும் பகுதி வருகிறது. ஒரு வாதத்துக்கு ஐந்து உறுப்புகள் என்கிறார்: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அவர் தரும் உதாரணம் ரொம்ப எளிது. இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, இது பக்கம், அதாவது நாம் நிறுவ வந்தது. ஏனென்றால் புகை தெரிகிறது, இது ஏது. அடுக்களையில் பார்க்கிறோமே அதுபோல, இது திட்டாந்தம். இந்த மலையிலும் அதே புகை இருக்கிறது, ஆகவே இங்கும் நெருப்பு உண்டு என்று மற்ற இரண்டும் முடித்துவைக்கும்.

இதில் என் மாணவர்கள் எப்போதும் விட்டுவிடுவது அடுக்களையைத்தான். கருத்தைச் சொல்வார்கள், காரணத்தையும் சொல்வார்கள், ஆனால் கேட்பவர் தன் கண்ணால் பார்த்துப் பழகிய ஓர் இடத்தைக் காட்ட மாட்டார்கள். மலையில் நெருப்பு எரிகிறதா என்று யாரும் ஏறிப் பார்க்கப் போவதில்லை. ஆனால் தன் வீட்டு அடுக்களையில் புகையும் நெருப்பும் சேர்ந்தே இருப்பது எல்லாருக்கும் தெரியும், அந்தத் தெரிந்த இடத்திலிருந்துதான் தெரியாத இடத்துக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு போக முடியும். உங்கள் 19 பக்கத்தில் பிற நாடு இருந்தது, உடற்கூறு இருந்தது. உங்கள் கிடங்கு இருந்ததா? உங்கள் அடுக்களை எது என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது, நன்னூலில் பவணந்தியார் எழுவகை மதம் என்று ஏழு நிலைப்பாடுகளைச் சொல்கிறார். பிறர் சொல்வதற்கு உடன்படுவது, மறுப்பது, இப்படி வரிசையாக. அதில் மூன்றாவது "பிறர்தம் மதமேற்கொண்டு களைவே". அடுத்தவர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு, அப்புறம் அதைக் களைவது. நூல் எழுதுபவர்களுக்குச் சொன்னது என்றாலும் பேச்சுக்கும் அப்படியே பொருந்தும். விவாதத்துக்குத் தயார் செய்யும்போது என் மாணவர்களை முதல் இரண்டு நாளும் எதிரணியின் வாதத்தைத்தான் எழுதச் சொல்வேன், அதுவும் எதிரணிக்காரன் படித்தால் "இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு. சொந்த வாதத்தை எழுதுவது மூன்றாவது நாள்தான். முணுமுணுப்பார்கள். ஆனால் மேடையில் தடுமாற மாட்டார்கள்.

"சொல்லுக சொல்லைப் பிறிதோர்சொல் அச்சொல்லை வெல்லுஞ்சொல் இன்மை அறிந்து" என்ற குறள் உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். அதை ஒரு வேலையாகச் செய்து பாருங்கள். சொல்லப்போகும் வாக்கியத்தை எழுதி, அதை வெல்லும் வாக்கியத்தை நீங்களே கீழே எழுதுங்கள். எழுத முடிந்தால் மேலே உள்ளதைத் திருத்துங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள், வள்ளுவர் அவையறிதலை 72ஆம் அதிகாரமாகவும் அவையஞ்சாமையை 73ஆம் அதிகாரமாகவும் வைத்திருக்கிறார். யார் கேட்கிறார்கள் என்று தெரிந்த பிறகு பயம் பாதி தானாகவே போய்விடும் என்பது என் அனுபவம்.

சிவப்புவிளக்கு எழுதியது:

அக்கா, நான் ஒரு தமிழ் டோஸ்ட்மாஸ்டர்ஸ் பேச்சுப் பயிற்சி மன்றத்தில் நான்கு வருஷமாக இருக்கிறேன். 1924இல் கலிபோர்னியாவில் தொடங்கிய அமைப்பு இது, இங்கே சமூக மன்றங்களில் ஆங்கிலம், மாண்டரின், தமிழ் என்று பல மொழிகளில் கூடுகிறார்கள். உங்களுக்கு வேண்டியது இங்கே கிடைக்கும் என்று நினைக்கிறேன், முக்கியமாக அந்த உடனடிப் பேச்சு. தலைப்பை அங்கேயே கொடுப்பார்கள், ஒன்று முதல் இரண்டு நிமிடம் பேச வேண்டும். நேரத்தைக் காட்டப் பச்சை விளக்கு, மஞ்சள், அப்புறம் சிவப்பு. முதல் மூன்று மாதம் எனக்குச் சிவப்பு விளக்கு எரியும்போதுதான் சொல்ல வந்ததே நினைவுக்கு வரும், இந்தப் பெயரே அதனால் வைத்துக்கொண்டதுதான். இரண்டு நிமிடம்தான் இருக்கிறது என்று உடம்புக்குப் பழகிவிட்டால், முடிவை முதலில் சொல்லும் பழக்கம் தானாக வரும். "என்ன வேணும்?" என்று உங்கள் மேலாளர் கேட்டாரே, அதற்கான பதில்தான் நீங்கள் சொல்லியிருக்க வேண்டிய முதல் வாக்கியம்.

ஆசிரியர் ஐயா நம் பக்கத்தைச் சொல்லிவிட்டார், நான் கிரேக்கப் பக்கம் கொஞ்சம் சொல்கிறேன். அரிஸ்டாட்டில், கி.மு. 384 முதல் 322 வரை வாழ்ந்தவர், நம்பவைக்கும் வழி மூன்று என்றார். பேசுபவரின் மேல் உள்ள நம்பிக்கை, கேட்பவரின் மனநிலை, சொல்லும் வாதம். எதோஸ், பாத்தோஸ், லோகோஸ் என்று எல்லாப் பயிற்சி வகுப்பிலும் இதைச் சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார்கள். ஆனால் உங்கள் கதையில் முதல் வழி அப்படியே கைபடாமல் கிடக்கிறது. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் அதிகாலை 3 மணிக்குக் கிடங்குத் தரையில் நிற்பவர் நீங்கள் ஒருவர்தானே? அதைச் சொன்னீர்களா? தூக்கத்தைப் பற்றி எந்த நிபுணர் என்ன சொன்னார் என்பதைவிட, "நான் அங்கே நிற்கிறேன், நான் பார்த்தது இது" என்பதற்கு அந்த அறையில் மதிப்பு அதிகம்.

மொழி தடையா என்று கேட்டீர்கள். நம் முதல் பிரதமர் லீ குவான் இயூ 1961 ஹொங் லிம் இடைத்தேர்தல் நேரத்தில் ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழியைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்து அந்த மொழியில் மேடையேறினார். அந்தத் தேர்தலில் அவர் கட்சி தோற்றது, ஆனாலும் அவர் ஹொக்கியனை விடவில்லை. கேட்பவரின் மொழிக்குப் போவது உழைப்புதான், ஆனால் செய்யக்கூடிய உழைப்பு. நீங்கள் தமிழில் யோசியுங்கள், தமிழிலேயே முதல் வரைவை எழுதுங்கள், வாதம் கச்சிதமாக இருந்தால் எந்த மொழிக்கும் வரும். எனக்குத் தெரிந்து தெளிவில்லாத யோசனைதான் மொழிபெயர்க்க வராது.

ஒரு பயிற்சி சொல்கிறேன், இன்றைக்கே செய்யலாம். போனில் உங்கள் கோரிக்கையைப் பதிவு செய்யுங்கள், 90 வினாடி. மறுநாள் கேளுங்கள். எந்த இடத்தில் உங்களுக்கே கவனம் போகிறதோ அங்கே வெட்டுங்கள். பழங்காலக் கிரேக்கப் பேச்சாளர் டெமஸ்தனீஸ் வாயில் கூழாங்கற்களை வைத்துக்கொண்டு பேசிப் பழகினார் என்று புளூட்டார்க் என்ற பழைய வரலாற்று எழுத்தாளர் எழுதிவைத்திருக்கிறார், நமக்கு அந்தச் சிரமமெல்லாம் இல்லை, போனே போதும்.

டிப்போ அண்ணன் எழுதியது:

தங்கச்சி, நான் படித்தது குறைவு, அரிஸ்டாட்டில் எல்லாம் தெரியாது. பஸ் ஓட்டுகிறேன், தொழிற்சங்கக் கிளையில் எட்டு வருஷம் பிரதிநிதியாக இருந்தேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

எங்கள் தடம் ஒன்றில் கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநருக்கு 6 நிமிடம்தான் கொடுத்திருந்தார்கள். இறங்கி, கழிப்பறைக்கு நடந்து, தண்ணீர் பிடித்து, திரும்பி வந்து ஏற வேண்டும். 10 நிமிடம் வேண்டும் என்று கேட்கப் போனேன். மனிதாபிமானம், குடும்பம், சிறுநீரகக் கோளாறு வந்த இரண்டு பேரின் கதை என்று உருக்கமாகப் பேசினேன், எனக்கே தொண்டை அடைத்துவிட்டது. எதிரே இருந்தவர்கள் தலையசைத்துக் கேட்டார்கள். நல்லவர்கள்தான். ஆனால் ஒன்றும் நடக்கவில்லை.

அப்புறம் ஒருநாள் அந்த அதிகாரியைக் கோப்பிக் கடையில் தனியாகப் பார்த்தபோது நேராகவே கேட்டேன், "சார், இதைச் செய்ய முடியாம உங்களை என்ன தடுக்குது?" அவர் மறைக்கவில்லை. பஸ் குறித்த நேரத்துக்குக் கிளம்புகிறதா என்பதை வைத்துத்தான் அவரை மேலே எடை போடுகிறார்களாம். 4 நிமிடம் கூடக் கொடுத்தால் அந்தக் கணக்கு கெட்டுவிடும் என்று பயப்படுகிறார். எனக்கு அதுவரை அது தெரியாது, நான் கேட்டதும் இல்லை.

மூன்று வாரம் ஒரு சின்ன நோட்டில் எழுதினேன். பஸ் வந்து சேர்ந்த நேரம், கிளம்பிய நேரம். வழியில் நெரிசலில் 5 நிமிடம் தாமதமாக வந்தால், 6 நிமிட இடைவெளியில் அதைச் சரிக்கட்டவே முடியாது, அடுத்த சுற்றும் தாமதம், அதற்கடுத்ததும் தாமதம். 10 நிமிடம் இருந்தால் அங்கேயே சரியாகிவிடும். அந்த நோட்டைத்தான் இரண்டாவது தடவை மேசையில் வைத்தேன். கேட்டது அதே 4 நிமிடம்தான், இந்த முறை கிடைத்தது.

அதனால் நான் சொல்வது, அடுத்த கூட்டத்துக்கு முன்னால் உங்கள் மேலாளரிடம் போய்ப் பேசாதீர்கள், கேளுங்கள். இடைவேளையை 2 மணிக்கு வைத்தால் அவருக்கு என்ன இடிக்கிறது? அது தெரியாமல் எவ்வளவு அழகாகப் பேசினாலும் சுவரோடு பேசுகிற மாதிரிதான்.

கேள்விக்குறி எழுதியது:

டிப்போ அண்ணன் சொன்னது வேலைக்கு ஆகும், மறுக்கவில்லை. ஆனால் கேள்வி கேட்டவரின் கடைசி உறுத்தலை யாரும் தொடவில்லை, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

தொடக்கக் கல்லூரியில் (ஜூனியர் காலேஜ்) நான் ஆங்கில விவாதக் குழுவில் இருந்தேன். பள்ளிகளுக்கான அனைத்துலக விவாத முறையில் ஓர் அணிக்கு மூன்று பேர், ஆளுக்கு 8 நிமிடம், கடைசியில் 4 நிமிடத் தொகுப்புரை. எந்தப் பக்கம் பேச வேண்டும் என்பதை நாம் தீர்மானிப்பதில்லை. சில தலைப்புகளை ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் தருவார்கள். இரண்டு வருஷத்தில் எதற்கு வேண்டுமானாலும் வாதாடும் திறமை வந்துவிட்டது. வீட்டிலும் அப்படியே பேச ஆரம்பித்தேன். அம்மா எதைச் சொன்னாலும் அதில் ஓட்டை தேடுவேன், மூன்று காரணம் அடுக்குவேன். ஒருநாள் அம்மா சொன்னார், "உன்கிட்ட பேசினா எனக்குக் களைப்பா இருக்குப்பா." இன்றுவரை அந்த வாக்கியம் என்னை விட்டுப் போகவில்லை.

கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ இதைத்தான் சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்னால் கேட்டார். சிறுவர்களை நீதிபதிகளாக உட்காரவைத்து, ஒரு மருத்துவர் மேல் ஒரு சமையல்காரர் வழக்குத் தொடுத்தால் என்ன ஆகும்? "இவர் உங்களுக்குக் கசப்பு கொடுத்தார், உடம்பை அறுத்தார், சுட்டார், நான் இனிப்பு கொடுத்தேன்" என்பார் சமையல்காரர். மருத்துவர் என்ன சொல்லி ஜெயிக்க முடியும்? பேச்சுக்கலை அந்தச் சமையல் மாதிரி ஆகிவிடலாம் என்பது அவர் கவலை. பட்டிமன்றத்திலும் கைதட்டல் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம்தான் பல நேரம் சாய்கிறது, அதனால் அதைப் பார்த்து வாதம் கற்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்புறம், கேட்பவரின் லாபத்தைக் காட்டியே எப்போதும் பேசிப் பழகிவிட்டால், லாபமே இல்லாத ஒரு நியாயத்தை நாம் எப்போதுதான் பேசுவது?

பழைய வாத்தியார் எழுதியது:

தம்பி, உங்கள் அம்மா சொன்ன வாக்கியத்தை நான் என் மாணவர்கள் எல்லாரிடமும் சொல்ல விரும்புகிறேன், அனுமதி கொடுங்கள்.

பட்டிமன்றத்தைப் பற்றிச் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். இன்றைய மேடையில் நகைச்சுவைதான் முன்னால் நிற்கிறது, ஒரு மாலைப் பொழுதுக்கு அது நல்லதுதான், ஆனால் அதைப் பார்த்து மட்டும் வாதம் வராது. மூலத்துக்குப் போய்ப் பார்த்தால் வேறு கதை. மணிமேகலையின் முதல் காதையில் புகாரில் இந்திர விழாவுக்கு முரசறைந்து அறிவிக்கிறார்கள். தெருவிலும் மன்றத்திலும் பழைய மணலை மாற்றிப் புது மணல் பரப்புங்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டு, "ஒட்டிய சமயத்து உறுபொருள் வாதிகள் பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்" என்று வாதம் செய்பவர்களையும் அழைக்கிறார்கள். அடுத்த வரியைப் பாருங்கள்: "பற்றா மாக்கள் தம்முட னாயினும் செற்றமும் கலாமும் செய்யா தகலுமின்." உங்களுக்கு ஆகாதவர்களாகவே இருந்தாலும் கோபமும் சண்டையும் வேண்டாம், விலகிப் போங்கள் என்று பொருள். வாதம் செய்ய மேடையேறு என்று அழைத்த அதே மூச்சில் பகை வேண்டாம் என்றும் சொல்கிறார்கள். நம் மரபில் இரண்டும் சேர்ந்தே இருந்தன.

பிளேட்டோவின் கவலைக்கு அவர் மாணவர் அரிஸ்டாட்டிலே பதில் சொல்லியிருக்கிறார். தவறாகப் பயன்படுத்த முடியும் என்பதற்காக ஒன்றை ஒதுக்கினால் உடல் வலிமை, ஆரோக்கியம், செல்வம் எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டியிருக்கும் என்றார். நான் அதோடு ஒன்றைச் சேர்ப்பேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்த 58 வயதுக்காரருக்காகப் பேச வேண்டியவர் பேசத் தெரியாமல் உட்கார்ந்திருந்தால், அதுவும் ஒரு தீங்குதான் தம்பி. எது சரியான பேச்சு, எது ஏமாற்று என்று பிரித்துப் பார்க்க நான் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். நீங்கள் எப்படிப் பேசி ஒருவரைச் சம்மதிக்கவைத்தீர்கள் என்பதை அவருக்கே பிறகு விளக்கிச் சொன்னால், அவர் முகம் மாறுமா? டிப்போ தம்பி தன் நோட்டைப் பற்றி அந்த அதிகாரியிடம் முழுசாகச் சொல்லலாம், அவர் முகம் மாறாது. லாபமே இல்லாத நியாயத்தைப் பற்றிக் கேட்டீர்கள், அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அப்படிப்பட்ட நேரங்களில் தோற்றாலும் சொல்லிவிட்டு வர வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

கற்க இடம் கேட்டாரே, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் தமிழ்மொழி விழா சமயத்தில் பேச்சு, விவாத நிகழ்ச்சிகள் நிறைய நடக்கும், போய் உட்கார்ந்து யார் யாரை எப்படி மறுக்கிறார்கள் என்று மட்டும் குறிப்பெடுங்கள். நம் நாடாளுமன்ற விவாதங்கள் முழுவதும் எழுத்து வடிவில் இணையத்தில் கிடைக்கின்றன. ஒரு கேள்வி, அமைச்சரின் பதில், அதைத் தொடரும் துணைக்கேள்வி, இவற்றை வரிசையாகப் படித்தால், பதிலில் எந்த இடத்தைப் பிடித்து அடுத்த கேள்வி வருகிறது என்று தெரியும். செலவில்லாத பள்ளிக்கூடம் அது.

இரவுக்கிடங்கு எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். பத்து நாள் கழித்து எழுதுகிறேன், ஏனென்றால் டிப்போ அண்ணன் சொன்னதை முதலில் செய்துவிட்டு வர வேண்டும் என்று இருந்தேன்.

மேலாளரிடம் போய்க் கேட்டேன். "2 மணிக்கு இடைவேளை வெச்சா உங்களுக்கு என்ன பிரச்சினை வரும்?" அவர் யோசிக்கவே இல்லை, உடனே பதில் வந்தது. 1.45லிருந்து 2.30 வரை பேரங்காடிகளுக்குப் போகும் லாரிகள் வரிசையில் நிற்கும், அந்த நேரத்தில் 12 பேரும் சாப்பிடப் போனால் ஏற்றுவதற்கு ஆள் இருக்காது. மூன்று வருஷமாக அந்த லாரிகளைத் தினமும் பார்க்கிறேன், ஆனாலும் என் 19 பக்கத்தில் லாரி என்ற சொல்லே இல்லை. அவர் ஏன் "பார்க்கலாம்" என்றார் என்று அப்போதுதான் புரிந்தது.

அப்புறம் வீட்டில் உட்கார்ந்து வாத்தியார் ஐயா சொன்னபடி எதிர்வாதத்தைத்தான் முதலில் எழுதினேன், அவர் இடத்திலிருந்து. எழுதி முடித்ததும் என் யோசனையே மாறிவிட்டது. எல்லாரும் ஒரே நேரத்தில் போக வேண்டாம். 6 பேர் 1.30க்கு, மற்ற 6 பேர் 2.30க்கு. லாரி ஏற்ற எப்போதும் பாதிப் பேர் இருப்பார்கள்.

அடுக்களையும் கிடைத்துவிட்டது ஐயா! மார்ச்சில் ஒரு வாரம் சாப்பாட்டு அறையில் தண்ணீர்க் குழாய் உடைந்து, பக்கத்துக் கட்டடத்து அறையில் இடம் போதாமல் இரண்டு குழுவாக, 2 மணிக்கு முன்னும் பின்னுமாகச் சாப்பிட்டோம். பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். அந்த வாரம் லேபிள் தவறு 4. அதற்கு முந்திய வாரம் 11, பிந்திய வாரம் 13. எங்கள் கிடங்கிலேயே நடந்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை.

வரும் வியாழக்கிழமை பேசப் போகிறேன். முதல் வாக்கியம் இப்படி வைத்திருக்கிறேன்: "இரவு இடைவேளையை இரண்டு குழுவாகப் பிரித்து 1.30க்கும் 2.30க்கும் வைக்க அனுமதி வேண்டும், லாரி ஏற்றும் வேலை நிற்காது." சரியா?

கேள்விக்குறி எழுதியது:

நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு வாரக் கணக்கை வைத்து நிரூபித்துவிட்டதாகச் சொல்லாதீர்கள். அந்த வாரம் சரக்கே குறைவாக வந்திருக்கலாம், அதை யாராவது கேட்பார்கள். கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள், "ஒரு வாரம்தான், போதாது என்று தெரியும், அதனால்தான் இரண்டு வாரம் சோதனையாகச் செய்து பார்க்கக் கேட்கிறேன்" என்று. நிரந்தர மாற்றத்துக்குத் தயங்குபவர்கூடச் சோதனைக்குச் சம்மதிப்பார், நீங்களும் உண்மைக்கு மேல் ஒரு சொல் சொன்னதாக ஆகாது.

சிவப்புவிளக்கு எழுதியது:

ஆமாம், அந்த "இரண்டு வாரம் சோதனை" முதல் வாக்கியத்திலேயே வரட்டும். ஸ்லைடு வேண்டாம் அக்கா. மார்ச் தாள்கள் மூன்றையும் அப்படியே கையில் எடுத்துக்கொண்டு போங்கள். பேசும்போது, 3 மணிக்கு நீங்கள் பார்ப்பதை ஒரே ஒரு வாக்கியமாகச் சொல்லுங்கள். அந்தப் பெரியவரின் பெயரைச் சொல்ல வேண்டாம், அவருக்குச் சங்கடமாக இருக்கும்.

இரவுக்கிடங்கு எழுதியது:

வியாழன் முடிந்தது. மூன்றரை நிமிடம் பேசினேன். பெரியவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, "3 மணிக்கு நான் தரையில் நிற்கும்போது ஆட்கள் ஒரே லேபிளை மூன்று தடவை படிப்பதைப் பார்க்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். மார்ச்சில் சரக்கு குறைவா என்று மேலாளர் கேட்டார். கேள்விக்குறிக்கு நன்றி, முந்தின நாளே பார்த்து வைத்திருந்தேன், கொஞ்சம் குறைவுதான், அதை அப்படியே ஒப்புக்கொண்டேன். கையில் இருந்த தாளை வாங்கி ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தார். லாரி ஒன்றாவது காத்திருந்தால் நிறுத்திவிட வேண்டும் என்றார், சரி என்றேன்.

திங்கட்கிழமை இரவு தொடங்குகிறோம், இரண்டு வாரம். தவறுகளை எண்ணும் தாளை நான் வைத்துக்கொள்ளவில்லை, பகல் ஷிப்ட் மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிட்டேன்.